சாப்பாட்டு மேஜையில் ஒரு வைவா

அமெரிக்காவில் ரெசிடென்சி என்பது இங்கே எம்.டி., எம்.எஸ். மாதிரி. 2020 வரை அதற்கு இன்டர்வியூ போனால், முந்தின நாள் ராத்திரி ஓட்டலில் விருந்து. உபசரிப்பது அங்கே ஏற்கனவே சேர்ந்த ரெசிடென்ட்கள். 'இதுக்கு மார்க் இல்லை, சும்மா பேசிப் பழகத்தான்' என்பார்கள். ஆனால் பல இடங்களில் 'யார் எப்படி?' என்று அவர்களிடமே பிறகு கேட்பார்கள். அப்புறம் என்ன சும்மா? கொரோனா வந்ததும் விருந்து ஜூம் அரட்டை ஆனது. தட்டு போச்சு, எடைபோடுவது போகலை!

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் (இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி) படித்த கிராமத்துப் பையன் ஒருவனை அந்த மேஜையில் உட்கார வையுங்கள். மருந்தும் டோஸும் தெரியும். ஒயினை எப்படி மறுப்பது, பேஸ்பால் பற்றி என்ன பேசுவது என்று தெரியாது. பேசாமல் இருந்தால் 'இவன் ஒட்டமாட்டான்'. கதை முடிந்தது.

தமிழ்நாடும் இதற்கு விலக்கில்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மார்க் இருந்தது. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நடத்திய விதத்தைக் குறை சொன்னது. இன்று பி.ஜி. சீட்டுக்கு நீட் ரேங்க், கவுன்சிலிங், அவ்வளவே. கோச்சிங் காசு என்கிற அநியாயம் இதிலும் உண்டு. ஆனாலும் ரேங்க் லிஸ்ட் யாருடைய கைப்பழக்கத்தையும் பார்ப்பதில்லை.

'டாக்டருக்குப் பழகத் தெரிய வேண்டாமா?' கண்டிப்பாக வேண்டும். அதை வார்டில், நோயாளி பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வலியோடு படுத்திருப்பவருக்கு வேண்டியது காது கொடுத்துக் கேட்கிற டாக்டர். விருந்தில் யார் கலகலப்பு என்பது அவருக்கு எதற்கு?