தண்ணீரும் இறங்காதபோது

சோறு நெஞ்சில் அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடி என்போம். அந்தத் தண்ணீரும் இறங்காமல் நிற்கும் நோய் அகலேசியா. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வருகிறது. அரிய நோய் என்பதால் மருத்துவருக்கே கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளத் தசைக்குழாய். நாம் விழுங்கியதும் அது மேலிருந்து சுருங்கிச் சுருங்கி உணவைக் கீழே தள்ளும்; இரைப்பை வாசலில் உள்ள தசைவளையம் தளர்ந்து வழிவிடும். வளையத்தைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதுதான் அகலேசியா. தள்ளும் அசைவும் குலைந்துவிடுகிறது. சாப்பிட்டது குழாயிலேயே தேங்கி, இரவு படுத்தால் எதுக்களித்து வாய்க்கு வரும். இருமல் தூங்கவிடாது. எடை இறங்கிக்கொண்டே போகும்.

நெஞ்சும் எரியும் என்பதால் பலருக்கு அசிடிட்டி மாத்திரையே தொடர்கிறது. நோய் பிடிபடுவதற்குள் வருடங்கள் ஓடிவிடுவதுண்டு. அதுவரை 'மென்னு சாப்பிடு', 'டென்ஷன் ஆகாதே' என்ற அறிவுரைகள்தாம். மெலிந்துபோன இளம்பெண்ணிடம், வேண்டுமென்றே வாந்தியெடுக்கிறாயா என்றுகூடக் கேட்டுவிடுகிறார்கள். பசியோடு தட்டின் முன் உட்கார்ந்திருப்பவரை இப்படிச் சந்தேகிப்பது கொடுமை.

எண்டோஸ்கோப்பி அவசியம் செய்ய வேண்டும்; புற்றுநோயும் இதே மாதிரி அடைக்கலாம். ஆனால் அகலேசியாவின் தொடக்கத்தில் அதில் எல்லாம் நார்மலாகவே தெரியக்கூடும். 'ஒன்றுமில்லை' என்று அங்கேயே நிறுத்திவிடுவதுதான் பெரிய பிழை. பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாயின் அடிப்பகுதி பறவையின் அலகு போலக் கூம்பித் தெரியும். உறுதி செய்வது மானோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, சில மிடறு தண்ணீரை விழுங்கச் சொல்லி, தசையின் அழுத்தத்தை அளப்பார்கள். சற்று அசௌகரியம்தான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

1674-இல் வெளியான நூலில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இப்படியொரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, உணவை அந்த நோயாளியே உள்ளே தள்ளிக்கொண்டு உயிர்வாழ்ந்தார். இன்று அந்தப் பாடு இல்லை. வளையத் தசையை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையை 1913-இல் ஜெர்மனியில் ஹெல்லர் செய்துகாட்டினார். அதையே வாய்வழி எண்டோஸ்கோப்பியால் செய்யும் 'போயம்' முறையை 2008-இல் ஜப்பானில் இனோவே தொடங்கினார். அழிந்த நரம்பு திரும்பாது. ஆனால் சாப்பாடு இறங்கும்.

சோறும் தண்ணீரும் இரண்டுமே நிற்கின்றன என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தாலும், மானோமெட்ரி பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.