அடிக்கடி விழும் எம்.சி.பி.

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு மொத்தமும் ஒரே லைன், 1.5 சதுர மி.மீ. வயர், 10 ஆம்பியர் எம்.சி.பி. காலையில் இண்டக்ஷன் அடுப்பு (2000 வாட்), கெட்டில் (1500), மிக்சி (750) மூன்றும் ஓடினால் 18 ஆம்பியரைத் தாண்டுகிறது. இரண்டொரு நிமிடத்தில் எம்.சி.பி. விழுந்துவிடும். வந்த எலக்ட்ரீஷியன், "32 ஆம்பியர் போட்டுடலாம் சார், அப்புறம் விழவே விழாது" என்றார். விழாதுதான். ஆனால் சுவருக்குள் வயர் சூடேறுவதை யார் பார்ப்பது? பிளக் பாயிண்டைக் கழற்றியபோது பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகல் வாடை அடித்தது. பயந்துபோனேன். இப்போது அடுப்புக்கென்று போர்டிலிருந்தே 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுத்துவிட்டோம். கிரானைட்டுக்கும் டைல்ஸுக்கும் தாராளமாகச் செலவிடும் கட்டுநர்கள், சமையலறைக்கு இரண்டு லைனாவது தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை