கொல்லைக் கோழிக்கு எந்தக் கணக்கு?

நாட்டுக்கோழி வளர்த்தால் மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களும், அவற்றை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர்கள் ஓராண்டு கழிவதற்குள் அக்கொட்டகையைப் பிரித்துத் தகரத்தை எடைக்குப் போடும் காட்சியும் இப்பொழுது நம் ஊர்களில் ஒருங்கே பெருகிவருகின்றன. இவ்விரண்டுக்கும் மூலமான பிழை ஒன்றே என்பது என் துணிபு. வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு கோழிகளும் நாலைந்து காய்கறிக் கொடிகளுமாக நித்தியம் நடந்துவரும் ஒரு குடும்ப காரியத்தை, பெரிய பண்ணையொன்றின் சிறிய பிரதி என்று எண்ணிக்கொண்டு, பண்ணைக்கு உரிய கணக்கை அதற்கும் போட்டுப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் கொல்லைக் கோழி என்றைக்கும் தோற்கும்; தோற்பது நியாயமுமாகும்.

நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் கலப்புத் தீவனத்தைத் தின்று அதை முட்டையாக மாற்றுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஜாதி அது. அடைகாக்கும் சுபாவமே அதனிடமிருந்து ஏறக்குறையப் போய்விட்டது. 1982-ஆம் ஆண்டில் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் விலையை அறிவிக்க, லாரி லாரியாக முட்டை கேரளத்துக்கும் கடல் கடந்தும் போகிறது. ஏழை வீட்டுக் குழந்தையின் சத்துணவுத் தட்டில் முட்டை வந்து விழுகிறதென்றால் அதுவும் இந்த ஏற்பாட்டின் பயனே. ஆகையால் அதைப் பழித்துப் பேச எனக்கு நா எழவில்லை. நம் சிறுவிடைக் கோழியோ ஆண்டு முழுவதற்கும் 60 முதல் 80 முட்டை இட்டாலே அதிகம். பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் அது அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அசையாமல் கிடந்து குஞ்சு பொரித்து, அக்குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்கைக்கும் தப்புவித்து இரண்டு மூன்று மாதம் கூட்டிக்கொண்டு திரிந்த பிறகே மறுபடியும் முட்டைக்கு வரும். இத்தகைய கோழிக்கு மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கிக் கொட்டி லாபம் காண நினைப்பவர் கையைச் சுட்டுக்கொள்வது நிச்சயம்.

அதன் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. விலையில்லாத பொருளையெல்லாம் தின்று விலையுள்ள பொருளாகத் தருவது அதன் தொழில். பொழுது விடிந்து பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டதும், முறத்தில் புடைத்து ஒதுக்கிய குருணையும் தவிடும், கீரை ஆய்ந்த தண்டும், வெண்டைக்காய்க் காம்பும், இரவு மிஞ்சிய சோறும் அதற்குக் காலை ஆகாரமாகின்றன. பிறகு குப்பைமேட்டையும் வேலியோரத்தையும் கிளறிப் புழு, பூச்சி, புல்விதை என்று தன் பாட்டுக்குத் தேடித் தின்று, சாயங்காலம் ஒரு பிடி கம்புக்கோ நொய்க்கோ வீடு திரும்புகிறது. மாலையில் இடும் அந்த ஒரு பிடி தானியம் பசிக்காக மட்டும் அன்று. கோழிகளை இருட்டுமுன் கூண்டுக்கு அழைக்கும் உபாயமும் அதுவே. குஞ்சுகளுக்கு இது போதாது; அவற்றுக்குப் புரதம் வேண்டும். அதற்கு நம் கிராமத்துப் பெண்கள் கண்டுவைத்திருக்கும் யுக்தியை நான் எந்தத் தீவன ஆலையின் யுக்திக்கும் குறைவாக மதிப்பதில்லை. பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த சாக்கும், காய்ந்த சாணமும், ஓலைத் துண்டுகளும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் அந்தியில் கவிழ்த்து வைத்துவிட்டால், மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் தட்டிவிட்டால், தாய்க்கோழி அழைக்கும் குரலும் குஞ்சுகளின் அவசரமும் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். வீட்டு உத்தரத்தை அரிக்கவேண்டிய ஜந்து கோழிக்குஞ்சாக உருமாறுவதற்கு ஆன செலவு ஒரு செம்பு நீர்.

இங்கிருந்து காரியம் தோட்டத்துக்குப் போகிறது. கூண்டின் அடியில் பரப்பிய உமியும் சருகும் எச்சத்தோடு கலந்து எருவாகின்றன. மாட்டுச் சாணத்தைக் காட்டிலும் கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம். அந்தக் காரணத்தாலேயே அதைப் பச்சையாகக் கொண்டுபோய் வேரடியில் கொட்டினால் செடி கருகிப்போகும். சருகோடு சேர்த்துக் குவித்து மூன்று மாதம் மக்கவிட்டு, சூடும் நெடியும் அடங்கிய பிறகு இடவேண்டும். இந்த எருவை வாங்கிக்கொண்டு, பாத்திரம் கழுவிய நீரில் நனைந்துகொண்டு, மூலையில் வாழை ஒன்று தார் போடுகிறது. முருங்கையும் கறிவேப்பிலையும் கேளாமலே தழைக்கின்றன. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, பகற்பொழுது குறுகும் கார்காலம் வரையில் கொடியாகவே படர்ந்து பொறுமையைச் சோதித்துவிட்டு, பிறகு கார்த்திகை, மார்கழி, தை என்று அண்டை வீட்டாருக்கும் கொடுத்து மாளாதபடி காய்க்கும். அதில் அசுவினி பிடித்தால் காலைப் பனி உலர்வதற்குமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். புடலம்பிஞ்சு சுருளாமல் நீள்வதற்கு நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இவற்றையெல்லாம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. கொல்லையும் ஒரு பாட்டியும் இருந்தால் போதும். இக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே வீட்டில் அமைவதுதான் துர்லபமாகிவிட்டது.

கோழியையும் தோட்டத்தையும் ஒன்றாகப் புகழ்ந்து எழுதுவோர் சொல்லாமல் விடும் உண்மை ஒன்றுண்டு: கோழியும் கீரைப் பாத்தியும் பரம விரோதிகள். காலையில் விதை தூவி மண்ணைத் தடவிவிட்டு வீட்டுக்குள் போய் வருவதற்குள் ஒரு பெட்டைக் கோழி அந்தப் பாத்தியில் இறங்கினால், முளைக்கீரையும் இல்லை, சிறுகீரையும் இல்லை, பாத்தியும் இல்லை. ஆகையால் பழைய சேலைகளையோ மீன்வலையையோ கட்டிப் பாத்திகளை மறைப்பது தவிர்க்கமுடியாத வேலை. பந்தல் பயிருக்கு இந்தத் தொல்லை குறைவு. கொடி மேலேறிய பிறகு அதன் நிழலில் கோழிகள் மண்குளியல் செய்துகொண்டு கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு போகம் முடிந்து செடிகளைப் பிடுங்கியதும் மறைப்பை அவிழ்த்துக் கோழிகளைப் பத்து நாள் உள்ளே விட்டுவிட்டால், மண்ணில் பதுங்கிய புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் களைவிதைகளையும் அவை பொறுக்கி எடுத்து அடுத்த விதைப்புக்கு இடத்தைச் சுத்தம் செய்து தரும். உள்ளே விடவேண்டிய காலம் எது, வெளியே நிறுத்தவேண்டிய காலம் எது என்று அறிந்து நடத்துவதில்தான் இந்தக் குடும்ப காரியத்தின் சூட்சுமம் இருக்கிறது.

பட்டணத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. காவிரிப்பூம்பட்டினம் கப்பல்கள் வந்து தங்கிய துறைமுகம். ஆயினும் அதைப் பாடிய பட்டினப்பாலையிலேயே, முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கவரவந்த கோழியின்மீது பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்த செய்தி வருகிறது. அந்தக் காதணி, சிறுவர் உருட்டும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். செல்வத்தைக் காட்டவந்த புலவருக்கு அந்தச் செல்வர் வீட்டு முற்றத்தில் கோழி திரிவது இழுக்காகத் தோன்றவில்லை. நாமோ மனையைச் சுற்றிச் சட்டப்படி விடவேண்டிய ஓரத்து வெற்றிடத்தைக்கூட மதில்வரையில் சிமெண்டு பூசி மெழுகிவிட்டு, மழைநீர் போக வழியில்லை என்று நகராட்சியைத் திட்டுகிறோம். பத்தடிக்குப் பத்தடி மண் விட்டிருந்தால் இரண்டு பந்தற்கொடியும் ஒரு வாழையும் நாலு கோழியும் அதில் அடங்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு நான் கோழியைச் சிபாரிசு செய்யமாட்டேன்; விடியற்காலை நாலரை மணிக்குச் சேவல் கூவும்போது மாடி வீட்டுக்காரர் காட்டும் முகத்தை அவர் பார்க்கவேண்டாம்.

முட்டையின் மகிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடு பழுப்பாக இருந்தால் சத்து அதிகம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. பண்ணைகளிலேயே பழுப்பு முட்டை இடும் ஜாதி உண்டு. அம்முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று இரட்டை விலைக்கு விற்பவர்களும் உண்டு. மஞ்சட்கரு செந்நிறமாயிருப்பது கோழி தின்ற பச்சிலையால் ஆவது; தீவனத்தில் சாயச்சத்தைக் கலந்தும் அந்நிறத்தைப் பெறலாம். கொல்லைக் கோழி வைத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகங்கள் எழுவதில்லை. தம் கோழி எதைத் தின்றதென்பதை அவர் கண்ணாலேயே கண்டவர். அதன் மேன்மை அவ்வளவுதான். அதற்குமேல் மருத்துவ குணங்களை அதன் தலையில் ஏற்றவேண்டியதில்லை.

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாயிருக்கும் என்பதையும் மறைக்கலாகாது. முட்டைக்கோழித் தொழிலில் சேவற்குஞ்சுக்கு உபயோகமில்லையாதலால் பொரித்த அன்றைக்கே அதன் கதை முடிக்கப்படுகிறது. கொல்லையில் அது ஆறேழு மாதம் வெயிலிலும் மழையிலும் தன் இஷ்டத்துக்குத் திரிந்து, ஒருநாள் விருந்தாளிக்கோ, குலதெய்வத்துக்கோ, சந்தைக்கோ போகிறது. வளர்த்த குழந்தைகள் அன்று சாப்பிட மறுத்து அழுவதும் உண்டு. மாமிசம் உண்ணாதவர் இதை ஏற்கமாட்டார், அது அவர் தர்மம். உண்பவர்களோ, தாம் உண்பது ஒரு ஜீவனை என்று தெரிந்து உண்பதே நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

இக்காரியத்தில் உழைப்பு யாருடையது, பணம் யாருடையது என்பதையும் பேசவேண்டும். விடியலில் திறப்பதும், எச்சத்தை வாருவதும், அடைக்கு முட்டை வைப்பதும், கோழியின்மேல் செள்ளு ஏறினால் கூண்டைக் கழுவிக் காயவைப்பதும் பெரும்பாலான வீடுகளில் பெண்களே. இயற்கை உணவின் பெருமையைத் திண்ணையில் அமர்ந்து பேசும் ஆண்மக்களில் கூண்டைக் கூட்டிச் சுத்தம் செய்பவரை நான் அதிகமாகக் கண்டதில்லை. அதற்கு ஈடாகப் பழங்காலத்திலிருந்தே ஒரு மரபு இருந்தது: கோழியும் முட்டையும் விற்ற காசு வீட்டுப் பெண்ணின் சிறுவாடு, அதில் கணவன் கை வைப்பதில்லை. பிள்ளைக்கு நோட்டுப்புத்தகமும், மகளுக்கு வளையலும், அவசரத்துக்கு மருந்தும் அதிலிருந்து வந்தன. கோழி தொழிலாகிக் கடனும் ஒப்பந்தமும் வந்த இடத்தில் பத்திரத்தில் ஆணின் கையெழுத்து ஏறுகிறது, சிறுவாடு மறைகிறது. பறவையை வாங்குங்கள், தீவனமும் மாதப் பணமும் நாங்களே தருகிறோம் என்று சொல்லிப் பெருந்துறை வட்டாரத்தில் பெருகிய ஈமுப் பண்ணைகள் 2012-இல் சரிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. கொல்லைக் கோழி செத்தால் துக்கம் உண்டு. வீடு ஏலத்துக்கு வருவதில்லை.

ஆனால் அது சாகத்தான் செய்கிறது, அதுவும் ஒரே வாரத்தில் கூண்டோடு. வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவர் சொல்லும் இராணிக்கெட் நோய், 1920-களின் பிற்பகுதியில் குமாவுன் மலையிலுள்ள அந்த ஊரில் அடையாளம் காணப்பட்டதால் அப்பெயர் பெற்றது. இன்றுவரை அதற்குச் சிகிச்சை இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு. ஏழாம் நாளையொட்டிக் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசியுமே அந்தத் தடுப்பு. இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கையில் நமக்கு மருந்துக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் கோடைதோறும் கொல்லைகள் காலியாகின்றன? மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலுமோ போதுமான குப்பிகளில் வருகிறது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் செலவழித்தாகவேண்டும். வழி நெடுகப் பனிக்கட்டியில் இருக்கவேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் பெண்ணுக்காக யாரும் அந்தக் குப்பியை உடைப்பதில்லை. இங்கும் பண்ணைக் கணக்கே வந்து நிற்கிறது. ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்களைப் போடும் அரசாங்கம், அக்குஞ்சுகளில் பாதிக்கு ஆகும் செலவை இருபது, முப்பது கோழிக்கான சிறு குப்பிகளுக்கும், அவற்றைக் கொண்டுசெல்லும் ஆளுக்கும் ஒதுக்குமானால், கொடுத்த குஞ்சாவது பிழைத்துக் கிடக்கும்.

அதுவரையில் நாமே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகளைக் கணக்கெடுத்து, பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே நாள் கேட்டுவையுங்கள். அன்றைக்கு ஊசி போடுபவர் வந்து சேரும்வரையில் யாரும் பஞ்சாரத்தைத் திறக்கவேண்டாம்.