டர்போ இன்ஜின் கடைசியாத்தான் வரணும், தம்பி

1/ நேத்து சாயங்காலம் ராயபுரம் கிளினிக்கில் முதுகு வலின்னு வந்த ஒரு தம்பி, மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்து போகல. போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். திருவொற்றியூரில் ஒரு வீட்டு வாசல், தார்ப்பாய் பாதி விலகின ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ரெண்டு கதவு வண்டி. இறந்துபோன அவங்க அப்பாவோடது.

"சார், உங்களுக்குப் பழைய கார் பைத்தியம்னு சொன்னாங்க. இதுல டர்போ பெட்ரோல் இன்ஜின் ஏத்தப் போறேன். நாலு லட்சம் சேத்து வச்சிருக்கேன். இன்ஜின் பேசி முடிச்சாச்சு, அடுத்த வாரம் அட்வான்ஸ்."

2/ அட்வான்ஸ் கொடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன். வெளியே பத்து பேர் உக்காந்திருந்தாங்க, காரணம் சொல்ல நேரமில்லை. அதனால்தான் இந்த த்ரெட். இன்ஜின் மாத்துற ஆசையே தப்புன்னு நான் சொல்ல வரல. வேலை செய்யும் வரிசை தப்புன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

3/ ஹெரால்ட் தெரியாதவங்களுக்கு: பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதன் சேஸிஸை அடிப்படையா வச்சுத்தான் அங்கே ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நம்ம பக்கத்துச் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டும் ஓடியிருக்கு. ஆக, தம்பிக்கு வந்த ஆசை ஒண்ணும் அபத்தமான ஆசை இல்லை.

4/ இப்போ கணக்கு. ஹெரால்டின் 1147 சிசி இன்ஜின் 50 குதிரைத்திறனுக்குள். இன்னிக்கு வர்ற 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 110, 120 வரை கொடுக்கும். வீணாப் போற புகையை வச்சு ஒரு சின்ன சக்கரத்தைச் சுத்தி, அந்தச் சுழற்சியில் கூடுதல் காத்தை சிலிண்டருக்குள் அமுக்குறதுதான் டர்போ. அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போகும். பெரிய இன்ஜின் இல்லாமலே ரெண்டு மடங்கு சக்தி. கேக்க நல்லாத்தான் இருக்கு.

5/ எங்க தொழிலில் புது உறுப்பு கிடைச்சிடுச்சுன்னு உடனே ஆளை மேஜையில் படுக்க வைக்க மாட்டோம். கல்லீரல் மாத்தணும்னா முதலில் இதயம் தாங்குமா, நுரையீரல் தாங்குமா, சிறுநீரகம் தாங்குமான்னு பாப்போம். தாங்காதுன்னா அறுவை சிகிச்சை கிடையாது. தம்பி உறுப்பை வாங்கிட்டு நோயாளியைப் பரிசோதிக்கப் போறார்.

6/ முதல் பரிசோதனை பிரேக். நம்ம ஊர் ஹெரால்டில் பெரும்பாலும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அதிலும் ஒரே லைன். எங்கேயாவது ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். வேகம் ரெண்டு மடங்கானா வண்டியை நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 60-ல் நின்ன வண்டி 120-ல் நிக்கும்னு நினைக்காதீங்க.

7/ பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு ராத்திரி அவசரப் பிரிவுக்கு ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. பழைய ஜீப், புது இன்ஜின், பழைய பிரேக். பெடல் தரை வரைக்கும் போச்சுன்னு கூட வந்த நண்பன் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தான். அவனும்தான் அந்த இன்ஜினுக்குப் பாதிப் பணம் போட்டவன். அந்தப் பையன் விடியும் வரை இருக்கல. அதுக்கப்புறம் இன்ஜின் மாத்தினேன்னு யார் சொன்னாலும் நான் கேக்குற முதல் கேள்வி பிரேக்தான்.

8/ தம்பி ஓட்டப் போற ரோடு எது? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசை கட்டி நிக்கிற ரோடு. பின்விளக்கு எரியாத ட்ரெய்லர், ஓரத்தில் மணல், திடீர்னு குறுக்கே வர்ற சைக்கிள். ஹெரால்டில் ஏர்பேக் கிடையாது, தலைக்குப் பின்னாடி தாங்க எதுவும் கிடையாது, பல வண்டிகளில் சீட் பெல்ட்டே கிடையாது. சேஸிஸில் பலமாப் பிடிச்ச மூணு முனை பெல்ட் போட என்ன செலவுன்னு தம்பி கேக்கவே இல்லை.

9/ ரெண்டாவது, சேஸிஸ். ஹெரால்டின் பாடியைத் தனித்தனித் துண்டா சேஸிஸ் மேல போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. நம்ம பக்கம் உப்புக் காத்து. கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வருஷக்கணக்கா நின்ன வண்டி மேலே பளபளன்னு இருக்கும், அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினா உள்ளே போகும். டிங்கர் வேலைக்காரரைக் கூட்டிட்டுப் போய், பாடியைத் தூக்கி, சேஸிஸை முழுசாப் பாருங்க. பெயின்ட் அடிச்சு மூடின துருவை நம்பாதீங்க.

10/ மூணாவது, பின் சக்கரம். ஹெரால்டில் குறுக்கே ஒரு பட்டை ஸ்ப்ரிங், ரெண்டு பக்கமும் ஆடுற அச்சு. வளைவில் வேகமாப் போய் சட்டுனு ஆக்சிலேட்டரை விட்டா, பின் சக்கரம் உள்பக்கமா மடங்கி வண்டி சுத்திடும். இது அந்த வடிவமைப்பிலேயே இருக்கிற குணம். ட்ரையம்ப் கம்பெனியே 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்ப்ரிங்கை மாத்தி அதைச் சரி பண்ண வேண்டியிருந்தது. 50 குதிரைக்கே அந்த நிலைமைன்னா 120-க்கு?

11/ நாலாவது, கியர் பாக்ஸ். நம்ம ஊர் டர்போ சின்னக் கார்கள் முன் சக்கர இழுவை, இன்ஜின் குறுக்கே உக்காந்திருக்கும். ஹெரால்டில் நெடுக்கா உக்காரணும், பின் சக்கரம் தள்ளணும். அப்போ வேற கியர் பாக்ஸ், நடுவில் லேத்தில் கடைஞ்ச அடாப்டர் பிளேட், புது ஷாஃப்ட். பழைய கிரவுன் பினியன் இந்த முறுக்கைத் தாங்காது, அதையும் மாத்தணும். "இன்ஜின் பேசி முடிச்சாச்சு"ன்னா இதில் எதுவும் பேசலைன்னு அர்த்தம்.

12/ அஞ்சாவது, சூடும் பெட்ரோலும். பழைய கார்புரேட்டருக்கு மிகக் குறைஞ்ச அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு 3, 4 பார் வேணும். நேரடி இன்ஜெக்‌ஷன்னா 100-க்கு மேல. பழைய ரப்பர் ஹோஸில் அந்த அழுத்தம் கொடுத்து, பக்கத்திலேயே டர்போ கொதிச்சுக்கிட்டிருந்தா தீ பிடிக்க வேற என்ன வேணும்? ரேடியேட்டர், இன்டர்கூலர், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாமே புதுசா வேணும். சாவியை அடையாளம் தெரியாத கம்ப்யூட்டர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே விடாது.

13/ "டாக்டர், நம்ம ஏரியாவில் இன்ஜின் மாத்தாத வண்டியா?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியே புல்லட்டில் 325 சிசி டீசல் இன்ஜின் வச்சு வித்துச்சு. ஆனா அதில் 18 குதிரை 6.5 ஆச்சு. சக்தி குறைஞ்சா பழைய பிரேக்கே தாராளம்.

காசிமேட்டில் லாரி இன்ஜினைப் படகில் ஏத்துறாங்க. அங்கே கியர் பாக்ஸ், ஷாஃப்ட், கூலிங் எல்லாம் சேந்துதான் மாறும். அப்படி இருந்தும் அதிகக் குதிரைத்திறன் சைனா இன்ஜின் வந்தப்போ மீனவர்களுக்குள்ளேயே எவ்வளவு தகராறு! 240 குதிரைத்திறன்னு அரசு விதியே இருக்கு. கடலுக்கே வரம்பு வேணும்னா எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வேண்டாமா?

14/ ஆறாவது, பேப்பர். சொல்லப்போனா இதுதான் முதலாவதா வரணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ அனுமதி இல்லாம இன்ஜின் மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்த முடியாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாதம் வரை சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் போடுறதுக்கு வழி இருக்கு. முழுக்க வேற டர்போ இன்ஜினுக்கு அனுமதி கிடைச்சிடும்னு நம்பி நாலு லட்சத்தைப் போடாதீங்க.

15/ ஆர்சி புக்கில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் வேற நம்பர். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிக்கிறது அதைத்தான். அடிபட்டவர் ரோட்டில் நடந்து போன யாரோ ஒருத்தரா இருந்தா, அந்தக் குடும்பமும் கோர்ட்டுக்கு அலையணும், உங்க அம்மாவும் அலையணும். பில் இல்லாத பழைய இன்ஜின்னா அது எந்த வண்டியிலிருந்து வந்ததுன்னு போலீஸுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்.

16/ இன்னொண்ணு. 50 வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல் விதி வந்தது. இன்ஜினும் சேஸிஸும் பாடியும் பெரிசா மாத்தாம இருக்கணும். தினசரி ஓட்ட முடியாது, ஆனா கண்காட்சி, ராலிக்கு எடுத்துட்டுப் போகலாம். டர்போ ஏறினா அந்தக் கதவு சாத்திடும். "பழசைத் தொடவே கூடாது"ன்னு சொல்ற கட்சி நான் இல்லை. அப்பா வண்டியில் எதை இழக்கப் போறோம்னு தெரிஞ்சு இழங்க, அவ்வளவுதான்.

17/ நான் சொல்ற வரிசை: முதலில் ஆர்.டி.ஓ, இன்சூரன்ஸ் ரெண்டு இடத்திலும் எழுத்து மூலமாக் கேளுங்க. அப்புறம் சேஸிஸ். அப்புறம் முன்னாடி டிஸ்க், ரெட்டை லைன் பிரேக், சீட் பெல்ட். அப்புறம் பின் அச்சு. இவ்வளவும் முடிஞ்சு, பழைய இன்ஜினை ரீபோர் பண்ணி ஆறு மாசம் ஓட்டுங்க. அதுக்கப்புறமும் டர்போ வேணும்னா, அனுமதி கிடைச்சா ரோட்டுக்கு. கிடைக்கலைன்னா அது ரோட்டு வண்டி இல்லை. இன்னொரு வண்டியில் ஏத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டு போய் ஓட்டுங்க, ஹெல்மெட்டோட.

18/ இன்னிக்குக் காலையில் தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பின் சக்கர டிரம்மைக் கழட்டி வச்சிருக்கார். உள்ளே பிரேக் ஆயில் ஒழுகிக் கறுத்துப் போன ஷூ. "இதோடதான் சார் அப்பா கடைசி வரைக்கும் ஓட்டியிருக்காரு"ன்னு எழுதியிருந்தார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலையாம்.

உங்க வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நின்னா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டிரம்மைக் கழட்டிப் பாருங்க. இன்ஜின் பேச்சை அப்புறம் பேசுவோம்.