மேல் பல்லும் கண் பார்வையும்

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கின்ற ஒரு நம்பிக்கை நமது மக்களிடையே வெகு காலமாக இருந்து வருகின்றது. பாமர மக்கள் மாத்திரமல்லாமல், பட்டம் பெற்றவர்களுங்கூட இதை நம்பி, பல் சொத்தையாகி, ஈறு வீங்கி, முகமே கோணிப்போன பிறகும் கிராம்பையும் உப்புத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகின்றார்கள். காரணம் கேட்டால் "பெரியவர்கள் சொல்லுகின்றார்கள்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பெரியவர்கள் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்க வேண்டாமா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அவற்றில் பார்வைக்கு உரியது இரண்டாவது ஜோடி. பல்லின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது ஜோடி. இந்த ஐந்தாவது நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து, ஒன்று நெற்றிக்கும் கண்ணிமைக்கும், ஒன்று மேல் தாடைக்கும், ஒன்று கீழ்த் தாடைக்கும் போகின்றது. மேல் பல் வலித்தால் கண்ணைச் சுற்றித் தெறிப்பது இவை ஒரே நரம்பின் கிளைகளாயிருப்பதால்தான். இந்தத் தெறிப்பைக் கண்டே நம்மவர்கள் கண் பல்லில் தொங்குவதாக எண்ணிவிட்டார்கள் போலும்! ஆனால், வலி தெரிகின்ற வழி வேறு. பார்வை வருகின்ற வழி வேறு.

இதற்குச் சாட்சி வேண்டுமானால், பல் வைத்தியர் போடுகின்ற மரத்துப்போகும் ஊசியே போதுமானது. வலி என்பது பல்லில் இருப்பதல்ல. அது நரம்பின் வழியாக மூளைக்குப் போகின்ற ஒரு சேதி. நரம்பின் மேல் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத சிறு கதவுகள் இருக்கின்றன. பல்லுக்குக் கேடு வந்ததும் இக்கதவுகள் திறக்க, நம் சோற்றுப்பில் இருக்கின்ற அதே சோடியம் வெளியிலிருந்து உள்ளே பாய்கின்றது. ஒரு கதவு திறந்தால் அது அடுத்த கதவைத் திறக்கும். இப்படியே சேதி மூளை வரை ஓடுகின்றது. ஊசி மருந்தோ நரம்புக்குள் நுழைந்து, உட்புறமிருந்து இக்கதவுகளை அடைத்துக்கொள்ளுகின்றது. சேதி நடுவழியில் நின்றுவிடுகின்றது. பிறகு இரத்தம் மருந்தை மெல்ல மெல்ல வாரிக்கொண்டு போனதும் கதவுகள் முன்போலவே வேலை செய்கின்றன. மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

பல்லின் நரம்பே பார்வைக்கும் நரம்பாயிருக்குமானால், மேல் தாடையில் ஊசி போட்டவுடன் கண் இருண்டுபோக வேண்டாமா? உலகெங்கும் தினந்தோறும் எண்ணற்ற பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றார்களே! வெகு அபூர்வமாக மருந்து கண்ணருகே பரவி, சிறிது நேரம் பொருள்கள் இரட்டையாய்த் தெரிவதுண்டு. அதுவும் மருந்து தீர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடுகின்றது. பல்லைப் பிடுங்கியதன் பலன் அல்ல அது.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் வைத்தியர், மரத்துப்போகச் செய்கின்ற மருந்தை முதன்முதல் உபயோகித்துக் காட்டியதே கண் சிகிச்சைக்குத்தான். அம்மருந்து கொக்கேயின். தம் கண்ணிலேயே விட்டுச் சோதித்தார், பார்வை போய்விடவில்லை. அதே வருஷத்தில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்பவர் தாடை நரம்பருகே ஊசி போட்டுக் காட்டினார். கொக்கேயின் அடிமைப்படுத்தும் பொருளானதால், 1905-ல் நோவோகேயினும், 1948-ல் லிடோகேயினும் புழக்கத்துக்கு வந்தன. குறை கண்டால் மாற்றிக்கொள்வது விஞ்ஞானம். குறை கண்டும் பிடித்துக்கொண்டிருப்பது மூடநம்பிக்கை.

நிற்க, இந்த மூடநம்பிக்கையால் நேரும் நஷ்டம் கொஞ்சமல்ல. நாளைக் கடத்தக் கடத்த, சீழ் பிடித்த இடம் புளிப்புத் தன்மை அடைகின்றது. அங்கே மருந்தின் பெரும்பாகம் நரம்பின் சவ்வைக் கடக்க முடியாத உருவில் நின்றுவிடுவதால், ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. உடனே "ஊசியே புரட்டு" என்று ஊரெல்லாம் சொல்லுகின்றோம். தாமதித்தது நாம், பழி ஊசிக்கா? சீழ் கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சடைத்துச் சாகின்றவர்களும் உண்டு. கண்ணுக்குப் பயந்து உயிரைக் கொடுப்பதா?

ஆகவே, தோழர்களே! வலி சிறிதாயிருக்கும்போதே வைத்தியரிடம் போங்கள். இருதய வியாதி இருந்தாலும், வேறு மருந்து சாப்பிட்டு வந்தாலும், முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாமற் போயிருந்தாலும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு பல்லை அசைப்பது, அழுத்துவது தெரியலாம், அது தவறல்ல. ஆனால், சுரீரென்று வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஏழைதானே, பொறுத்துக்கொள்ளட்டும் என்று எந்த வைத்தியர் நினைத்தாலும் அது அக்கிரமம் என்பதே நமது அபிப்பிராயம். உதடு மரத்திருக்கும் வரை சாப்பிடாதீர்கள். உங்கள் உதட்டையே கடித்துக்கொள்வீர்கள்.

வலியைப் பொறுப்பது பெருமையுமல்ல, தலைவிதியுமல்ல. கெட்ட பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. கெட்ட நம்பிக்கையையும் அதோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டால், பார்வை இன்னும் தெளிவடையும் என்று நாம் துணிந்து கூறுவோம்.