விலை சொல்பவரின் கூலி

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்குப் போகும் மலைப்பாதையில் பர்லியார் இருக்கிறது. மங்குஸ்தான் பழத்துக்குப் பேர் போன ஊர்.

இங்கே வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டால், பாங்கு முதலில் மதிப்பீட்டாளரை அனுப்பும். வீடும் நிலமும் என்ன விலை பெறும் என்று சொல்வதுதான் அவர் வேலை.

சமவெளி மனைக்கு விலை சொல்வது போல் அல்ல இது. சரிவில் ஏறி இறங்க வேண்டும். மண் சரியுமா? 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்களே! மரம் வெட்ட அனுமதி கிடைக்குமா? 1955-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பலாப்பழ நாளில் யானை வேறு வரும். எல்லாம் பார்த்துத்தான் விலை எழுத வேண்டும்.

இப்படி உழைப்பவரின் கட்டணத்தைக் கடன் கேட்டவரிடம் முன்பே வாங்கிக்கொண்டு, அவருக்கு மாதக்கணக்கில் கொடுக்காமல் இழுத்தடித்தால் அது என்ன நியாயம்? “கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்” என்று நெருக்குவது அதைவிடக் கொடுமை. மறுத்தால் அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயம் அவருக்கு. பயந்து எழுதிய விலையை நம்பி அதிகக் கடன் வாங்கும் குடும்பம், கட்ட முடியாமல் போனால் வீட்டை ஏலத்தில் இழக்கும்.

50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பெறும் சொத்துக்கு இரண்டு பேர் தனித்தனியே விலை சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கு விதி. பர்லியார் ஓட்டு வீட்டுக்கு ஒருவர் போதும். அந்த ஒருவரின் வார்த்தைதான் காவல்.

அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் முழுகிய பிறகு, 2010-ல் சட்டம் போட்டார்கள். மதிப்பீட்டாளருக்கு நியாயமான கட்டணம் தர வேண்டும். விலையை மாற்றச் சொல்லி நெருக்கக் கூடாது. நம் பாங்குகளும் கட்டணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். மலை ஏறும் செலவைத் தனியாகத் தரட்டும். அறிக்கை வந்த 15 நாளில் பணம் போய்ச் சேரட்டும்.