சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சந்தை: விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் காலை ஏழு மணிவாக்கில், பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைகளின் வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பெண்கள் அதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, உலை வைத்து இறக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து மூடிவைத்துவிட்டு, தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார்கள். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். உழவர் சந்தையோ விடியலில் கூடி உச்சிப்பொழுதுக்குள் கலைந்துவிடுகிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் உழைக்கிற ஒரு குடும்பம் வாரத்தில் ஆறு நாள் அந்தச் சந்தையை எட்டிப் பார்க்கவே முடியாது.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆபீஸ் வண்டிகள் ஆட்களை இறக்கிவிடும் ஊர்களில், வாரச் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலத்தில், உழவர் சந்தையைக் கூட்டித் தாருங்கள்.

வண்டியை விட்டு இறங்குகிறவருக்கு இப்போது கைக்கெட்டுகிற இடம் ஊர்க்கடை. மாலை ஆறரை மணிக்கு அங்கே மிஞ்சியிருக்கும் காய்களை ஒரு நாள் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். தக்காளி, பெட்டியின் அடியில் நசுங்கி நீர் விட்டிருக்கும். கத்தரிக்காயின் தோல் சுருங்கி, காம்பு கறுத்திருக்கும். கீரைக்கட்டு வந்திருந்தால் வெயிலில் வதங்கி மஞ்சளாகியிருக்கும். கூறு கட்டி வைத்திருப்பதில் பாதியைக் கழித்துத்தான் நறுக்க முடியும். காசு மட்டும் முழுக் கூறுக்கு. கெடாமல் கிடப்பவை உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும்தான். அதனால் வாரத்தில் பாதி நாள் அவையே குழம்பும் பொரியலும் ஆகின்றன. அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. பசிக்கு முதலில் கிடைப்பது அதுதான். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. விற்காமல் அழுகும் காயின் நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. கெடாததைத்தானே அவர் வாங்கி வைக்க முடியும்?

அந்தக் காயில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரத்திலிருந்தோ மதுரை மாட்டுத்தாவணியிலிருந்தோ வருகிறது. நம் மாவட்டம் வறண்ட பூமி, இங்கே என்ன விளையும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மேற்கே வத்திராயிருப்பில் பிளவக்கல் தண்ணீர் பாய்ந்து நெல்லும் தென்னையும் செழிக்கின்றன. இராஜபாளையத்துச் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் மாம்பழப் பிரியர்கள் தேடி வாங்குகிறார்கள். சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு பேருந்து ஜன்னலுக்கே வந்து விற்கும். கரிசல் மானாவாரியில் கம்பும் சோளமும் குதிரைவாலியும், பாசிப்பயறும் உளுந்தும் விளைகின்றன. மழை பெய்த நாலைந்து வாரத்தில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் காடெல்லாம் தானாகவே முளைத்துக் கிடக்கும். பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தல் வியாபாரத்தில் விருதுநகர் சொல்லும் விலையைத் தமிழ்நாடே கேட்கிறது. கெடாத சரக்கை ஊர் ஊராக அனுப்பத் தெரிந்த மாவட்டம் இது. ஒரே நாளில் வாடிப்போகும் சரக்கைப் பக்கத்து ஒன்றியத்துக்குக் கொண்டுசேர்க்க மட்டும் நாம் இன்னும் வழி செய்யவில்லை.

அதலைக்காயைத் தாங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? இந்தப் பக்கத்தில் பணியாற்றும் ஒவ்வோர் அதிகாரியும் ஒருமுறையாவது சாப்பிட வேண்டிய காய் அது. பாகற்காயின் உறவு. விரல் நுனியளவு இருக்கும், மேலே வரிவரியாக ஓடும், நல்ல கசப்பு. யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, ஐப்பசி மழை விழுந்ததும் கொடி விட்டு, மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் நடுவே படரும். சின்ன வெங்காயமும் வத்தலும் போட்டு வதக்கினால் அந்தக் கசப்புக்கே இன்னொரு கை சோறு இறங்கும். பாகற்காயைவிடச் சுண்ணாம்புச்சத்து இதில் அதிகம். ஆனால் பறித்த அன்றோ மறுநாளோ சமைத்தாக வேண்டும். தாமதித்தால் காய் வெடித்து விதை தெரியத் தொடங்கிவிடும். எனவே லாரி ஏறி இது வெகுதூரம் போகாது, இந்த மண்ணின் ஜனங்கள்தான் சாப்பிட்டாக வேண்டும். களைக்கொல்லி அடிக்கிற காடுகளில் கொடி அருகி வருகிறது. விற்க இடமும் இல்லையென்றால், இதைக் களை என்று நினைக்கும் விவசாயியிடம் வேண்டாம் என்று சொல்ல நம்மிடம் காரணமும் இருக்காது.

இந்தக் காய்க்குக் காலைச் சந்தை பொருந்தவே பொருந்தாது. விடியலில் விற்க வேண்டுமானால் முந்தின நாளே பறித்து வைக்க வேண்டும். சாயங்காலச் சந்தை என்றால் காலையில் பறித்ததை அன்று மாலையே விற்றுவிடலாம். கீரைக்கும் வெள்ளரிக்கும் இதே கணக்குதான். தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் கொஞ்ச காலம் மூடிக்கிடக்கும்போது பல வீடுகளில் வருமானம் நின்றுவிடும். அதலைக்காய் காய்க்கும் பருவமும் அதையொட்டியே வருகிறது. காட்டில் இறங்கிப் பறிக்கும் பெண்களுக்குச் சொந்த ஊரிலேயே விற்க இடம் இருந்தால், அந்த வாரங்களில் அது ஒரு கைக்காசு.

உழவர் சந்தையின் அடிப்படையை நான் மாற்றச் சொல்லவில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டபோது சொன்ன நோக்கம், விளைவிப்பவரும் வாங்குபவரும் இடைத்தரகு இல்லாமல் நேருக்கு நேர் சந்திப்பது. அடையாள அட்டை, தராசு, வாடகையில்லாக் கடை, அன்றன்றைய விலைப்பலகை என்று அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. ஆனால் அது நகரத்துக்குள், நகரத்தாரின் நேரத்துக்கு நடக்கிறது. மாலையில் சந்தை நடத்துவதும் புதிய யோசனை அல்ல. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறுதானியமும் பயறும் விற்க மாலை நேரத்தில் உழவர் சந்தைகளைப் பயன்படுத்தலாம் என்று 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையே சொன்னது. 2021 மே மாத முழு ஊரடங்கில் தோட்டக்கலைத் துறையின் ஏற்பாட்டில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. 2023இல் தக்காளி விலை எகிறியபோது ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்குக் கிடைத்தது. நெருக்கடி வந்தால் அரசால் முடிகிறது. பயர் ஆபீஸ் ஊர்களுக்கு எல்லா வாரமும் அதே நெருக்கடிதான்.

அரிசி இல்லாமல் இங்கே யாரும் படுப்பதில்லை. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து மருந்துக்கும் திரிக்கும் நடுவே வேலை செய்கிற பெண்ணுக்குத் தலைசுற்றலும் கை நடுக்கமும் வருவது ஆபத்தான விஷயம். 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும், 20 சதவீதம் வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அந்த இரண்டையும் ஒரே காரியத்தில் தொட வேண்டுமென்றால் சாயங்காலச் சந்தையைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் ஒரு சாயங்காலத்தை மட்டும் நம்பி எந்த விவசாயியும் கத்தரியும் வெண்டையும் நட மாட்டார் என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. அதனால்தான் பள்ளிக்கூட அடுப்பையும் இதோடு சேர்க்கக் கேட்கிறேன். மதிய உணவைக் கொண்டுவந்த காமராஜர் பிறந்த மாவட்டம் இது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் சாம்பாரில் உள்ளூர்க் காய்கறி சேர வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராமங்களில் சமைப்பவர்களும் மகளிர் குழுவினர்தான். அந்தந்த ஊராட்சியின் காயை அந்தந்தப் பள்ளிக்கூடம் வாங்கும் என்று உறுதி தந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நிலையான வாங்குநர் கிடைத்துவிடுவார். சனிக்கிழமை சந்தை அதன்மேல் நிற்கும். பிரேசிலில் பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2009இல் சட்டமே போட்டார்கள். நமக்குச் சட்டம்கூட வேண்டியதில்லை. சத்துணவு அமைப்பாளருக்கும் மகளிர் குழுவுக்கும் ஓர் உத்தரவும், பணம் தாமதமில்லாமல் போய்ச் சேரும் ஏற்பாடும் போதும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. ஆபீஸ் வாசலிலோ குடோன் பக்கத்திலோ சந்தை கூடவே கூடாது. சந்தை என்றால் வடைச்சட்டியும் டீ அடுப்பும் பின்னாலேயே வரும். ஊருக்குள், வண்டி நிற்கும் இடத்துக்கு அருகே, ஊராட்சிப் புறம்போக்கில் இருக்கட்டும். மூன்று ஊர்களில் தொடங்கிப் பாருங்கள். வெம்பக்கோட்டை ஒன்றியத்தில் ஒன்று, சாத்தூரில் ஒன்று, சிவகாசியில் ஒன்று.

பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். இருட்டிய பிறகும் காயின் நிறம் தெரியும்படி விளக்குகள் வேண்டும். அலுமினியப் பொடி படிந்த கையோடு வருகிறவர்கள் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் வேண்டும். கடை போடும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். மகளிருக்கு 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குப் பிறகு பல ஊர்களுக்குப் பேருந்தே இல்லை. சந்தை முடிந்து கூடையோடு வீடு திரும்ப, சனிக்கிழமைகளில் மட்டுமாவது எட்டரை மணிக்கு ஒரு பேருந்தை விடும்படி போக்குவரத்துக் கழகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வெம்பக்கோட்டை ஒன்றியத்துக் குடிமக்களில் ஒருவர்